வைரஸ் போன பிறகும் அடம்பிடிக்கும் கோப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆன்டிவைரஸ் ஓடி முடிந்து "அச்சுறுத்தல் எதுவும் இல்லை" என்கிறது. ஆனால் ஒரு ஃபோல்டரை அழிக்க முடியவில்லை. பென் டிரைவில் இருந்த படங்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக நிற்கின்றன. கணினியைத் திறந்தால் ஏதோ ஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. வீட்டுக் கணினியில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனு, பட்டன் பெயர்கள் ஆங்கில விண்டோஸில் இருப்பவைதான். உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

அழிய மறுக்கும் கோப்பை முதலில் ஒழித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாமா?

வேண்டாம். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அடுத்து உங்கள் படங்கள், ஆவணங்களை வெளி டிஸ்க் ஒன்றில் எடுத்து வையுங்கள். பிறகு வைரஸ் வேட்டை. அடம்பிடிக்கும் கோப்பு கடைசி வேலை. கோப்பு அழியாமல் இருப்பதற்குக் காரணம் பல நேரம் அந்தக் கோப்பிலேயே இருக்காது. அதைப் பிடித்து வைத்திருக்கும் நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாமல் கோப்போடு மல்லுக்கட்டினால் நேரம்தான் போகும். கட்டாயப்படுத்தி அழிக்கும் கருவிகளைத் தேடி இறக்கப்போய், வேறொரு தொற்றைக் கூட்டி வந்தவர்களும் உண்டு.

காப்பு எடுக்கும்போது ஆவணம், படம், வீடியோ மட்டும் போதும். நிரல்களையும் இன்ஸ்டாலர்களையும் எடுக்காதீர்கள். நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கோப்புப் பெயர்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால் அது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். அப்போது எந்த டிஸ்க்கையும் செருகக் கூடாது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து உடனே நிறுத்துங்கள்.

ஆன்டிவைரஸ் "சுத்தம்" என்று சொன்னால் நம்பலாமா?

பாதி நம்பலாம். விண்டோஸ் ஓடும்போது செய்யும் சோதனையில், ஏற்கெனவே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னை மறைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால் ஒருமுறையாவது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையை நடத்துங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கமாகி, வழக்கமான விண்டோஸ் மேலெழும் முன்பே சோதனை நடக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

இன்னொரு கண் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இருக்கிறது. நிறுவத் தேவையில்லை. இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும் என்பதால் பழைய நகலை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. எப்போதும் விழித்திருந்து காவல் காக்கும் வகை ஆன்டிவைரஸ்களில் மட்டும் இரண்டை ஒன்றாக நிறுவாதீர்கள். ஒன்று தொட்ட கோப்பை மற்றொன்று பூட்டும். புதுச் சிக்கல் அங்கேயே பிறக்கும்.

பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது. அதே வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் போய், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். "இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே" என்று டிஃபெண்டருக்குச் சொல்லும் பட்டியல் அது. மால்வேர் (வைரஸ் போன்ற தீய நிரல்) தன் ஃபோல்டரையோ, சில நேரம் சி டிரைவ் முழுவதையுமோ அதில் சேர்த்துவிடும். அப்புறம் எத்தனை முறை சோதித்தாலும் "சுத்தம்" என்றுதான் வரும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருந்தால் நீக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். வீட்டுக் கணினியில் "உங்கள் நிறுவனம் இந்த அமைப்பை நிர்வகிக்கிறது" என்ற பொருளில் செய்தி வந்தாலும் சந்தேகப்படுங்கள். விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் மால்வேர் கொள்கைகளை எழுதி வைத்த தடயமாக அது இருக்கலாம்.

"ஃபைல் இன் யூஸ்" என்று சொல்லி அழிக்க மறுக்கிறது. யார் அதைப் பயன்படுத்துகிறார்கள்?

அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டர் என்று தேடித் திறந்து, சிபியு தாவலுக்குப் போங்கள். அசோஸியேட்டட் ஹாண்டில்ஸ் என்ற பகுதியின் தேடல் பெட்டியில் கோப்பின் பெயரை இட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரலின் பெயர் வரும். மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் நிறுவியிருந்தால் இன்னும் சுலபம்: கோப்பின் மீது வலது கிளிக் செய்து ஃபைல் லாக்ஸ்மித்தைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

வரும் பெயர் எக்ஸ்ப்ளோரர் என்றால் பயப்பட வேண்டியதில்லை. வீடியோ கோப்புகளில் இது அடிக்கடி நடக்கும். முன்னோட்டம் காட்டுவதற்காக எக்ஸ்ப்ளோரரே அதைத் திறந்து வைத்திருக்கும். ஆல்ட், பி இரண்டையும் சேர்த்து அழுத்தி முன்னோட்டப் பலகையை மூடிவிட்டு அழித்துப் பாருங்கள்.

முன்பின் தெரியாத பெயர் வந்தால் அதன் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு சேஃப் மோடுக்குப் போங்கள். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட், பிறகு ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், கடைசியில் எண் 4. சேஃப் மோடில் அத்தியாவசிய டிரைவர்களும் சேவைகளும் மட்டும் ஓடும். தானாகத் தொடங்கும் நிரல்களில் பெரும்பாலானவை எழவே எழாது. வழக்கமான நிலையில் அசையாத கோப்பு இங்கே சாதாரணமாக அழிவதைப் பார்ப்பீர்கள். இதற்குப் போகும் முன் ஓர் எச்சரிக்கை: டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தால்) 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். நீங்களாக அதை இயக்கியிருக்காவிட்டாலும் பல மடிக்கணினிகளில் அது இயங்கிக்கொண்டிருக்கும். சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதலில் அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆக்செஸ் டினைட்" வருகிறது. நான்தானே அட்மினிஸ்ட்ரேட்டர்?

அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்தாலும் ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக ஓர் உரிமையாளரும் அனுமதிப் பட்டியலும் உண்டு. கோப்பின் பிராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய் ஓனர் வரியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

"அக்கவுன்ட் அன்னோன்" என்றும் எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீளமான எண்ணும் இருந்தால், விண்டோஸை மறுபடி நிறுவுவதற்கு முன் இருந்த பழைய பயனர் கணக்கின் கோப்பு அது. மால்வேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் சொந்த ஃபோல்டர்தான் என்றால் அங்கேயே சேஞ்ச் அழுத்தி உங்கள் பெயரை உரிமையாளராக்கி, உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்து மாற்றும் பெட்டியில் டிக் செய்யுங்கள்.

டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது விண்டோஸின் சொந்தக் கோப்பு. சி டிரைவ் முழுவதற்கும் உரிமையை மாற்றச் சொல்லும் குறுக்குவழிகளை இணையத்தில் பார்க்கலாம். அப்படிச் செய்தால் அப்டேட்கள் நிற்கும், பாதுகாப்பு தளரும், பழைய அனுமதிகளைத் திரும்பக் கொண்டுவர எளிய வழியும் இல்லை.

பெயரே விசித்திரமாக இருக்கும் கோப்பு அழியவில்லை. "கிடைக்கவில்லை" என்கிறது, ஆனால் கண்முன்னே இருக்கிறது.

மூன்று காரணங்கள் இருக்கலாம். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருக்கும். அல்லது பெயர் கான், பிஆர்என், ஆக்ஸ், நல், காம்1 போன்றதாக இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்திலிருந்தே சாதனங்களுக்கென ஒதுக்கப்பட்ட பெயர்கள் இவை. அல்லது ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் முழுப் பாதையும் 260 எழுத்தைத் தாண்டியிருக்கும். பாதை நீளம்தான் பிரச்சினை என்றால் மேலிருக்கும் ஃபோல்டர்களின் பெயரை ஒற்றை எழுத்தாகச் சுருக்கினாலே தீர்ந்துவிடும். மற்ற இரண்டுக்கும் 7-ஜிப் நிரலின் கோப்பு மேலாளர் வழியாக அழித்துப் பாருங்கள். எக்ஸ்ப்ளோரர் திணறும் பல பெயர்களை அது கையாளும்.

அழிகிறது. ஆனால் மறுதொடக்கம் செய்ததும் திரும்ப வந்துவிடுகிறது!

அப்படியானால் வைரஸ் இன்னும் போகவில்லை. கோப்பை மறந்துவிட்டு, அதைத் திரும்ப எழுதுவது யார் என்று தேடுங்கள். மால்வேர் உயிர் பிழைக்க விண்டோஸின் சட்டபூர்வமான தானியங்கி வழிகளையே பயன்படுத்துகிறது: ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியின் ரன் பதிவுகள், சர்வீஸ்கள், டாஸ்க் ஷெட்யூலர், டபிள்யூஎம்ஐ என்ற விண்டோஸின் நிர்வாக வசதி. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் தாவல் இதில் கொஞ்சத்தைத்தான் காட்டும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற கருவிக்கு ஈடில்லை. சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது, இன்றும் இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள். ஆப்ஷன்ஸ் மெனுவில் ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சட்டெனச் சுருங்கும். மிச்சமிருப்பவற்றில் இளஞ்சிவப்பு வரிகள் வெளியீட்டாளர் விவரமோ செல்லும் கையொப்பமோ இல்லாதவை. மஞ்சள் வரிகள் சுட்டும் கோப்பே இல்லாதவை. இளஞ்சிவப்பாக இருப்பதெல்லாம் மால்வேர் அல்ல. ஆப்டேட்டா அல்லது டெம்ப் ஃபோல்டருக்குள்ளிருந்து, அர்த்தமில்லாத எழுத்துக் கோர்வையைப் பெயராக வைத்துக்கொண்டு தொடங்கும் வரிகளில்தான் கண் நிற்க வேண்டும். சந்தேகம் வந்தால் அழிக்காமல் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகிப் போனாலும் மறுபடி டிக் செய்துகொள்ளலாம்.

ஆட்டோரன்ஸில் ஒன்றும் இல்லையென்றால் வெளியே பாருங்கள். கிளவுட் ஒத்திசைவு, நீங்கள் அழித்ததை வேறொரு கணினியிலிருந்து திரும்பக் கொண்டுவரலாம். பிரௌசர் எக்ஸ்டென்ஷன்களும் அப்படியே. கணக்கின் ஒத்திசைவை நிறுத்திவிட்டு எக்ஸ்டென்ஷனை நீக்கினால்தான் போகும்.

கணினி தொடங்கும்போது "ஸ்கிரிப்ட் கோப்பு கிடைக்கவில்லை" என்று பெட்டி வருகிறது.

இது பெரும்பாலும் நல்ல செய்தி. மால்வேர் கோப்பை ஆன்டிவைரஸ் எடுத்துவிட்டது, அதைத் தொடங்கச் சொல்லும் பதிவு மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆட்டோரன்ஸில் மஞ்சள் வரியாக அது தெரியும். பெட்டியில் வரும் கோப்புப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்து நீக்குங்கள்.

பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது. என் படங்கள் போய்விட்டனவா?

இல்லை, பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கின்றன. அவசரப்பட்டு ஃபார்மட் செய்யாதீர்கள். மீட்டிருக்கக்கூடிய படங்கள் பல வீடுகளில் அந்த ஒரு கிளிக்கில்தான் போகின்றன.

இந்த வகை மால்வேர் உங்கள் ஃபோல்டர்களுக்கு "ஹிட்டன்", "சிஸ்டம்" என்று இரண்டு பண்புகளைச் சேர்த்து மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கும். நீங்கள் ஷார்ட்கட்டைத் திறந்தால் மறைவாக ஒரு ஸ்கிரிப்ட் ஓடும், கூடவே உண்மையான ஃபோல்டரும் திறக்கும். எதுவும் நடக்காதது போலத் தோன்றுவது அதனால்தான். சில வகைகள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். உண்மையில் அதன் பெயர் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி எழுத்து.

மீட்பது இப்படி. ஷார்ட்கட் எதையும் தொடாதீர்கள். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ தாவலுக்குப் போய், மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். அதற்குக் கீழே ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ் என்பதன் டிக்கை எடுங்கள். இரண்டையும் செய்ய வேண்டும். சிஸ்டம் பண்பும் சேர்ந்திருப்பதால் முதலாவது மட்டும் போதாது. இப்போது மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். அவற்றுக்குள் போய், உள்ளே இருக்கும் படங்களையும் ஆவணங்களையும் மட்டும், வைரஸ் நீக்கப்பட்ட கணினிக்கு நகலெடுங்கள். எல்லாம் வந்துவிட்டதா என்று திறந்து பார்த்த பிறகு பென் டிரைவை ஃபார்மட் செய்யலாம்.

பிராப்பர்டீஸில் ஹிட்டன் டிக்கை எடுக்கப் போனால் பெட்டி மங்கி, அசையாமல் இருக்கும். அதற்கும் சிஸ்டம் பண்புதான் காரணம். அப்போது கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளை உதவும்: ஆங்கிலத்தில் ஏ-டி-டி-ஆர்-ஐ-பி, பிறகு ஓர் இடைவெளி விட்டு கழித்தல் குறியோடு எச், அதேபோல் எஸ், ஆர், அதன் பின் நட்சத்திரக் குறி, கடைசியில் முன்சாய்வுக் கோடோடு எஸ், இன்னொரு முன்சாய்வுக் கோடோடு டி (attrib -h -s -r * /s /d). முதலில் பென் டிரைவின் எழுத்தையும் முக்காற்புள்ளியையும் தட்டி அந்த டிரைவுக்குள் போய்விட்டீர்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சி டிரைவில் இதை ஓட்டவே கூடாது.

பென் டிரைவைச் செருகியதும் தானே ஓடும் பழைய ஆட்டோரன் வசதியை விண்டோஸ் 7 நிறுத்தியது. எக்ஸ்பி, விஸ்டாவுக்கும் 2011 பிப்ரவரியில் அப்டேட் வழியாக அந்த மாற்றம் போனது. 2008-இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு அந்த வசதியையும் பயன்படுத்திக்கொண்டது. இன்றைய ஷார்ட்கட் வைரஸ் பரவ உங்கள் கிளிக் வேண்டும். அதனால் இதை வீட்டிலிருக்கும் எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, காட்டிக் கொடுங்கள்.

ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறக்க மறுக்கின்றன.

சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற பாதையில் ஹோஸ்ட்ஸ் என்று பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு இருக்கும். ஒரு தளத்தின் பெயரை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று கணினிக்குச் சொல்வது அது. நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து அதைப் பாருங்கள். சாதாரணமாக எல்லா வரிகளும் ஹேஷ் குறியில்தான் தொடங்கும். குறியில்லாமல் 127.0.0.1 என்றோ 0.0.0.0 என்றோ தொடங்கி, பாதுகாப்புத் தளங்களின் பெயர் வந்தால் அந்த வரியை நீக்குங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிராக்ஸி (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு) இயங்குகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் வைக்காதது என்றால் நிறுத்துங்கள்.

கோப்புகளின் பின்னொட்டு மாறிவிட்டது, எதுவும் திறக்கவில்லை. பெயரைத் திரும்ப மாற்றினால் சரியாகுமா?

ஆகாது. ரான்சம்வேர் கோப்பின் உள்ளடக்கத்தையே குறியாக்கம் செய்துவிடுகிறது. புதிய பின்னொட்டு அதன் அடையாளம் மட்டும். மால்வேரை நீக்கினாலும் கோப்புகள் அப்படியேதான் இருக்கும். கேட்க வருத்தமாக இருக்கும், தெரியும். ஆனாலும் நம்பிக்கையை இப்போதே விட வேண்டியதில்லை.

மிரட்டல் கடிதக் கோப்பையும், குறியாக்கமான கோப்புகளில் ஒன்றிரண்டையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு நோ மோர் ரான்சம் தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்து காவல்துறையும் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கியது. எந்த வகை ரான்சம்வேர் என்று கண்டறிந்து, அதற்கு இலவச விடுவிப்புக் கருவி இருந்தால் காட்டும். "விடுவித்துத் தருகிறோம்" என்று வரும் மற்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். ஏற்கெனவே நொந்து போனவர்களிடம் மறுபடி பணம் பிடுங்கும் கூட்டம் அதில் அதிகம்.

வீட்டுக் கணினிகளில் அதிகம் பிடிபட்டவற்றில் ஒன்று ஸ்டாப் அல்லது டிஜேவியு என்ற குடும்பம். திருட்டு மென்பொருளோடும் கிராக்கோடும் வரும். அது கணினியிலிருந்து தன் சர்வரை எட்ட முடியாதபோது "ஆஃப்லைன் சாவி" ஒன்றைப் பயன்படுத்தும். மிரட்டல் கடிதத்தில் உள்ள அடையாள எண் டி1 (t1) என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவியின் அறிகுறி. அந்த வகைகளில் சாவி கிடைத்தவற்றுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவி உதவக்கூடும். இன்னொன்று: இந்தக் குடும்பம் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கேபி அளவைத்தான் குறியாக்கம் செய்கிறது. அதனால் பெரிய வீடியோக்களின் கணிசமான பகுதியைச் சீரமைப்புக் கருவிகளால் மீட்க வாய்ப்பு உண்டு. சிறிய படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இது பொருந்தாது.

இன்று வழியில்லை என்றாலும் குறியாக்கமான கோப்புகளைத் தனி டிஸ்க்கில் பத்திரப்படுத்துங்கள். 2016 மே மாதம் டெஸ்லாகிரிப்ட் கும்பல் தானாகவே முதன்மைச் சாவியை வெளியிட்டது. அதுவரை அழிக்காமல் வைத்திருந்தவர்களுக்குக் கோப்புகள் திரும்பக் கிடைத்தன.

என் நல்ல கோப்பையே ஆன்டிவைரஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

உடனே அழிப்பதில்லை, தனிமைப்படுத்தி வைக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் புரொடெக்ஷன் ஹிஸ்டரியைத் திறந்தால் ரீஸ்டோர் இருக்கும். திரும்ப எடுக்கும் முன் அது உண்மையில் நல்லதுதானா என்று உறுதி செய்யுங்கள். நிரல் கோப்பு என்றால் அதை வெளியிட்டவரின் தளத்திலிருந்து புதிதாக இறக்குவதே மேல். பல ஆன்டிவைரஸ்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் சோதிக்கலாம், ஆனால் அங்கே ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும். சொந்த ஆவணங்களை ஏற்றாதீர்கள்.

ஆவணங்கள் ஃபோல்டரில் எதையும் சேமிக்கவே முடியவில்லை என்றால் அது வேறு கதை. ரான்சம்வேர் புரொடெக்ஷனில் உள்ள கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸை யாரோ இயக்கியிருப்பார்கள். நீங்கள் பயன்படுத்தும் நிரலை அதன் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

"கரப்டட் அண்ட் அன்ரீடபிள்" என்று வருகிறது. இதுவும் வைரஸா?

பெரும்பாலும் இல்லை. கோப்பு அமைப்பு சிதைந்திருக்கிறது அல்லது டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டச் சொல்வார்கள். ஆனால் அதன் நோக்கம் கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவது, உங்கள் படங்களைக் காப்பது அல்ல. ஓட்டுவதற்கு முன் எடுக்க முடிந்ததை எல்லாம் நகலெடுங்கள். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒலி வந்தால் செக்டிஸ்க்கை ஓட்டவே வேண்டாம்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருந்தால்?

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முதலில் டிஸம் கருவியின் ரீஸ்டோர்ஹெல்த் கட்டளை, அது முடிந்ததும் கெட்ட கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளை. இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி நல்ல நகலை எடுக்கும் சேமிப்பகத்தைத்தான் டிஸம் சரிசெய்கிறது.

எந்தக் கட்டத்தில் போராட்டத்தை நிறுத்திவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும்?

ஆஃப்லைன் சோதனைக்குப் பிறகும் கோப்பு திரும்ப வந்தால், டிஃபெண்டரை இயக்கவே முடியாவிட்டால், கடவுச்சொல் திருடும் வகை என்று பெயர் வந்தால், நான் தயங்காமல் மறுநிறுவலைத்தான் சொல்வேன். ஒரு நாள் மாலை போகும், ஆனால் அப்புறம் நிம்மதியாகப் பயன்படுத்தலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், வன்பொருள் இடம் கொடுத்தால் நேரடியாக 11-க்குப் போவதே சரி.

"கீப் மை ஃபைல்ஸ்" தேர்வை இந்த நிலையில் நான் பரிந்துரைக்க மாட்டேன். தொற்றில்லாத வேறொரு கணினியில், குறைந்தது 8 ஜிபி பென் டிரைவில், மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு நிறுவல் வட்டைத் தயாரித்து, டிஸ்க்கின் பழைய பகிர்வுகளை (பார்ட்டிஷன்களை) நீக்கிவிட்டு நிறுவுங்கள். முன்னதாகக் காப்பு நகல் திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்துவிடுங்கள்.

கடவுச்சொற்களை எப்போது மாற்றுவது?

இப்போதே, ஆனால் தொற்றிய கணினியிலிருந்து அல்ல. கைப்பேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. தகவல் திருடும் மால்வேர் பிரௌசரின் குக்கிகளையும் எடுத்துப் போகும். அதை வைத்துக் கடவுச்சொல் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் இருக்க முடியும். ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தேர்வை அழுத்துங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

காப்பு எடுத்ததைத் திரும்ப வைக்கும்போது கவனிக்க வேண்டியது?

முதலில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபார் நோன் ஃபைல் டைப்ஸ் டிக்கை எடுத்துவிடுங்கள். 2000 மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ புழு, டிஎக்ஸ்டி விபிஎஸ் என்று இரட்டைப் பின்னொட்டோடு வந்து, சாதாரண உரைக் கோப்பு போலத் தெரிந்ததற்கு இந்த டிக்தான் காரணம். அது இன்றும் இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. பின்னொட்டு தெரியும் நிலையில் டிஸ்க்கை முழுதாகச் சோதித்துவிட்டு, படமும் ஆவணமும் மட்டும் எடுத்து வையுங்கள். எக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், எல்என்கே, எஸ்சிஆர் என்று முடியும் எதையும் புதிய விண்டோஸுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய வேர்டு, எக்ஸெல் கோப்பைத் திறக்கும்போது மேக்ரோவை (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலை) இயக்கச் சொல்லிக் கேட்டால், அது நீங்களே எழுதிய மேக்ரோ என்றால் ஒழிய அனுமதிக்க வேண்டாம்.